ஜப்பானியக் குரலுக்கு ஓர் அறிமுகவுரை

ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிற தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கண்ணாடியிலும் சந்தித்ததில்லை.

என் மகள் ஆரணிக்கு ஒரு ஜப்பானியக் குரல் நடிகை என்றால் உயிர். கார்ட்டூன் தொடர்களுக்குக் குரல் கொடுப்பவர், பாடகியும்கூட. (பெயரை எழுதக்கூடாது என்பது மகளின் உத்தரவு. "அவவை ஒருக்கா அவமானப்படுத்தினது காணும்.") பாடசாலைக்குப் போகும் காரில் தினமும் அவர் பாட்டுத்தான். எனக்கோ எதையும் ஆண்டுவாரியாக அடுக்காவிட்டால் நித்திரை வராது. முதல் பாத்திரம் எப்போது, பாட வந்தது எப்போது, தொண்டை நோயால் ஒதுங்கியிருந்தது எவ்வளவு காலம் என்று எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தேன். அவர் வெளியில் சொல்லாத வயதையும் கணித்து வைத்திருந்தேன்.

அவர் நாங்கள் இருக்கும் மெல்பேர்ணுக்கு வந்தார். ரசிகர் சந்திப்பில் கேள்வி கேட்பவர்களைக் குலுக்கல்முறையில் தெரிந்தெடுத்தார்கள். கடைசி இடம் ஆரணிக்கு. ஆளுக்கு ஒரு கேள்விதான். அவள் வாரக்கணக்கில் யோசித்து ஒன்றைத் தயார் செய்தாள்: "ஒரு பாத்திரம் முடிஞ்ச பிறகு அந்தக் குரல் எங்க போகும்?"

முதலில் அவர் பாடினார். ஆரணி கூடச் சேர்ந்து கத்தினாள். முறை வந்தபோது அவள் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"நீங்க கேளுங்கோ அப்பா," என்று கிசுகிசுத்தாள். "கேள்வியை மட்டும்."

"ஓம், ஓம்."

எழுந்தேன். எத்தனை தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பிரதம விருந்தினரை அறிமுகம் செய்த உடம்பு! அது தன்பாட்டில் தொண்டையைச் செருமியது. "கேள்விக்கு முன்னர், இவரைப் பற்றிச் சில வார்த்தைகள்," என்று ஆங்கிலத்தில் தொடங்கி, முதல் பாத்திரத்திலிருந்து வரிசையாக வந்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் பேனையை மூடினார். ஆரணி என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். எனக்கு உற்சாகம் கூடியது.

"இந்த வயதிலும் இப்படியொரு குரல்!" என்றேன். வயதையும் சொன்னேன்.

மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது. நடிகையின் சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்தது. என் முழு உரையையும் மொழிபெயர்ப்பாளர் ஒரே வசனத்தில் முடித்தார். நடிகை மெல்ல ஏதோ சொன்னார்.

"கேள்வி எங்கே என்று கேட்கிறார்."

வாயைத் திறந்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்கள்.

வீடு திரும்பும் ரயிலுக்குக் கிளென் வேவர்லிதான் கடைசி ஸ்டேஷன். அதுவரை ஆரணி பேசவில்லை. (பேசவும் முடியாது. எனக்கிருந்த ஒரே ஆறுதல்.) இறங்கும்போது போனில் எழுதிக் காட்டினாள்: "வயசை ஏன் சொன்னனீங்கள்?"

"அது என்ர கணிப்புத்தான் பிள்ளை. ஒரு வருஷம் முன்பின்னா இருக்கலாம்."

அதன்பின் அவள் அழுதாள்.

இப்போது வீட்டில் நான் எதை ஆரம்பித்தாலும், குசினிக்குள்ளிருந்து மனைவி, "கேள்வி எங்க?" என்பாள். போன மாதம் டொக்டரிடம் முழங்கால் வலியின் வரலாற்றைத் தொடங்கினேன். அவர் பக்கத்துப் புறநகரான ரோவிலில் இருக்கும் தமிழர். "கேள்வி எங்க, அண்ணை?" என்றார். கதை ரோவில்வரை போயிருக்கிறது. களைத்துப்போனேன்.

அன்றிரவு ஆரணியிடம் சொன்னேன்: "அந்தக் கேள்வியை அவவுக்கு ஒரு கடிதமா எழுதி அனுப்பட்டா?"

"நான் எழுதுறன் அப்பா," என்றாள். "நீங்க முத்திரையை மட்டும் ஒட்டுங்கோ."