டாக்டர் மகளுக்கு மொய் விருந்து

ஒரு குடும்பத்தில் ஒரு டாக்டர் தோன்றிவிட்டால், அதன் பிறகு ஏழு தலைமுறைக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. ரயில்வே ஆபீஸில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பக்கிரிசாமி இந்தப் பேருண்மையை அறிவித்தபோது, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்ப்பா. ஆனா நான் நர்ஸாத்தான் போறேன்," என்றாள் மகள் தனலெட்சுமி.

பக்கிரிசாமி சட்டென்று நிமிர்ந்தார். கட்டில் அதிர்ந்தது.

தனலெட்சுமி சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருந்தாள். 1936-இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அந்தப் பரீட்சை தேறிய தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. உள்ளூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கும் இடம் கிடைத்திருந்தது. இரண்டு இடத்துக்கும் மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்கை அவள் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள். டாக்டர் என்றால் ஆறு வருஷம். படிப்பு, விடுதி, புத்தகம், பாடம் படிக்க ஒரு பெட்டி மனித எலும்பு என்று எல்லாம் சேர்ந்து நாலாயிரம் மலாயா வெள்ளியைத் தொடும். நர்ஸ் என்றால் முதல் மாதமே அவர்கள் இருபத்தைந்து வெள்ளி தருவார்கள். சோறும் துணியும் தங்கும் இடமும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும்.

"சம்பளம் குடுத்துப் படிக்க வைக்கறாங்கன்னா அந்தப் படிப்புல ஏதோ கோளாறு இருக்கு," என்றார் பக்கிரிசாமி. மேலும், ஒரு தலைமைக் கிராணியின் மகள் கண்டவன் படுக்கைக்குக் கீழே சட்டி ஏந்துவதை இந்த உயிர் இருக்கும்வரை பார்க்க முடியாது என்றும், பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றும் சொன்னார்.

பணம் ஒன்றுதான் பிரச்சினை. அவருக்கு மாதச் சம்பளம் நூறு வெள்ளி. அதில் என்ன மிஞ்சும் என்பது அடுப்படியில் இருந்த மனைவி பவுனம்மாளுக்குத் தெரியும். அவள் பாத்திரத்தைச் சற்றுப் பலமாகக் கீழே வைத்தாள்.

பக்கிரிசாமியால் பின்வாங்கவும் முடியவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்றே அலுவலகத்தில், ஸ்டேஷனில், முடி வெட்டும் கடையில் எல்லாம் 'டாக்டரோட அப்பா' ஆகிவிட்டிருந்தார். முடி வெட்டுகிறவர் காசு வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். இனி நர்ஸின் அப்பாவாக அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

தவிர, வைத்தியம் அவர் ரத்தத்தில் ஓடுவதாக அவருக்கு எண்ணம். ஐந்து வருஷமாகக் குவாட்டர்ஸ் முழுமைக்கும், லீவு நாளில் செந்தூல், சாலாக் செலாத்தான் ரயில்வே ஆட்களுக்கும் அவரே டாக்டர். ஓமம், இந்துப்பு, கருக்கிய பூண்டு, கற்பூரம், வெளியில் சொல்லாத வேறு இரண்டு சரக்கு எல்லாம் சேர்த்து அவரே காய்ச்சிய பச்சை நிற மிக்ஸ்சர் ஒன்று வைத்திருந்தார். தலைவலிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான். கால் சுளுக்கினாலும் குடிக்கத்தான் வேண்டும். காசு வாங்கமாட்டார். வீடு தேடிப் போய், எதிரில் நின்று, குடித்து முடித்த பிறகே திரும்புவார். இரண்டாவது வேளை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அவ்வளவு சீக்கிரம் குணமாகிவிட்டது என்றார்கள்.

அந்த ஜனங்களுக்கு அவர் மேல் மரியாதை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்த காலத்தில், தண்டவாள வேலைக்காரர்களைக் கும்பல் கும்பலாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது பக்கிரிசாமி ஒவ்வொருவருக்கும் இங்கிலீஷில் மனு எழுதி, துரையின் மேசைக்கு எதிரில் நின்று, கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார். தண்டவாள மேஸ்திரியான மண்டோர் நாகையாவும் அவருக்குக் கீழே வேலை செய்த ஆட்களும் அப்படித்தான் தப்பினார்கள். இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அது ஆபீஸ் வேலை. அவர் பேசியதெல்லாம் மிக்ஸ்சரைப் பற்றித்தான்.

சனிக்கிழமை ரயிலேறி, கிள்ளானில் வட்டிக்கடை வைத்திருந்த வயிரவன் செட்டியாரிடம் போனார். செட்டியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"படிச்சு முடிச்சதும் பொண்ண யாருக்குக் கட்டிக் குடுப்பீக?"

"தகுதியான இடமாப் பாத்துத்தான்."

"டாக்டர் பொண்ணுக்குத் தகுதின்னா டாக்டர் மாப்பிள்ளை. அவுக என்ன கேப்பாகன்னு விசாரிச்சீகளா?"

பக்கிரிசாமி விசாரித்திருக்கவில்லை. செட்டியார் விசாரித்து வைத்திருந்தார். அவர் சொன்ன தொகைக்கு முன்னால் படிப்புச் செலவு வெறும் சில்லறையாகத் தெரிந்தது.

"இதுவே நர்ஸுன்னா?" என்று பக்கிரிசாமி மெல்லக் கேட்டார், தன் மகளைப் பற்றி இல்லை என்பது போல.

"நர்ஸுன்னா சம்பளத்தப் பாத்து மாப்பிள்ளை தானா வருவாரு. நீங்க காலு மேல காலு போட்டுக்கிட்டு, 'உங்களுக்கு எவ்வளவு சம்பளம்'னு கேக்கலாம்."

பேச்சு போகும் திசை பக்கிரிசாமிக்குப் பிடிக்கவில்லை. அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். வட்டியைப் பாதியாகக் குறைத்தால், மகள் டாக்டரானதும் செட்டியாருக்கு ஆயுள் முழுக்க இலவச வைத்தியம்.

"எனக்கு நோய் ஒண்ணும் இல்லையே."

"வரும்," என்று ஆறுதல் சொன்னார் பக்கிரிசாமி.

கடன் கிடைக்கவில்லை. செட்டியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார், திரும்பி வராமல் இருப்பதை உறுதி செய்துகொள்வதற்காக.

திரும்பும் ரயிலில் அவருக்கு வழி பிறந்தது. இருபது வருஷமாகக் குவாட்டர்ஸில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவர் மொய் வைத்திருக்கிறார். மொய் என்பது போய்விட்ட பணம் அல்ல; வைத்தவன் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது திரும்பி வரவேண்டிய பணம். ஒற்றைப் பெண்ணை வைத்திருந்த அவர் வீட்டில்தான் விசேஷமே வரவில்லை. அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்தில் கல்யாணம் இல்லாவிட்டால் என்ன என்று ஒரு கிடாவை வெட்டி, விருந்து வைத்து, போட்டதை வசூலித்துக்கொள்வார்கள். மகள் டாக்டருக்குப் படிக்கப் போவதைவிட வேறென்ன விசேஷம் வேண்டும்?

அடுத்த ஞாயிறு இரண்டு கிடா விழுந்தது. அரிசியும் சாமானும் தவுக்கே என்கிற சீன முதலாளியின் மளிகைக் கடையில் கடன். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஒரு மேசையில் பித்தளைத் தாம்பாளம் வைத்தார்கள்.

வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். தாம்பாளத்தில் ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளி என்று விழுந்தது. தினக்கூலிக்காரர்கள், அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. மூன்றாவது பந்தி உட்கார்ந்தபோது தாம்பாளத்தில் இருந்தது ஒரு கிடாவின் விலைக்குக்கூடப் போதாது. பவுனம்மாள் அதை எட்டிப் பார்த்துவிட்டு நான்காவது பந்திக்குக் கறியைக் குறைக்கச் சொன்னாள்.

பக்கிரிசாமி ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் ஏறி நின்றார்.

அவர் நெடுநேரம் பேசினார். இந்தக் குவாட்டர்ஸ் மக்களை இத்தனை நாள் தன் கையால் பார்த்துக்கொண்டதைச் சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு வைத்தியர் இருப்பது மரியாதையாகாது என்பதால், வருகிற மகளுக்கு வழிவிட்டு அன்றோடு மிக்ஸ்சர் பாட்டிலை மூடிவிடுவதாகக் குரல் தழுதழுக்கச் சொன்னார். கடைசியில், மகள் பட்டம் வாங்கி வந்ததும் அன்று மொய் வைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், அதன் பிள்ளை குட்டிகளுக்கும், காலம் பூராவும் வைத்தியம் இலவசம் என்று முடித்தார்.

நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டாம் தடவை மொய் வைக்க வரிசையில் நின்றார்கள். மண்டோர் நாகையா பத்து வெள்ளி நோட்டு ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாகையாவின் மனைவி புஷ்பவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். செந்தூல் ரயில் பட்டறைக்காரர்கள் தங்களுக்குள் திரட்டி ஒரு கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் சாலாக் செலாத்தானிலிருந்து, விருந்துக்கே வராத ஆட்கள் விஷயம் கேள்விப்பட்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

இலவசம் என்ற சொல்லின் மகிமையைப் பக்கிரிசாமி அன்று கண்ணாரக் கண்டார்.

கிடாவும் தவுக்கேயும் போக, முதல் வருஷச் செலவுக்குப் பணம் தேறியது. அவர் வெற்றி வீரர் போல் மகளைக் கூப்பிட்டார்.

"சந்தோஷம்ப்பா," என்றாள் தனலெட்சுமி. "ஒரே ஒரு சந்தேகம். பிரிக்பீல்ட்ஸ் பூரா இலவசம்னுட்டீங்க. அப்ப நான் யாருகிட்ட ஃபீஸ் வாங்குறது?"

"செந்தூல்ல."

"அவங்களும் மொய் வெச்சுட்டாங்க."

"சாலாக் செலாத்தான்."

"நேத்து வந்து வெச்சாங்க."

பக்கிரிசாமி யோசித்தார். "பத்துமலை முருகன் கோயில்கிட்ட ஒரு கிளினிக் வெச்சா? கூட்டம் வர்ற இடம்."

"அங்க வர்றவங்கல்லாம் நோய் குணமாகி வேண்டுதல் தீர்க்க வர்றவங்கப்பா."

பக்கிரிசாமி விரல் விட்டு எண்ணினார். நர்ஸுக்கு நாளைக்கே சம்பளம். டாக்டருக்கு ஆறு வருஷம் செலவு. அதன் பிறகு அப்பா தயவில் காலமெல்லாம் தர்மம். கிள்ளான் மட்டும்தான் பாக்கி. அங்கே செட்டியாருக்கு நோயே இல்லை.

தனலெட்சுமி அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கணக்க விடுங்கப்பா. என்னை இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்த்தப்ப இந்தக் குவாட்டர்ஸே சிரிச்சுது. நீங்க ஒரு வேட்டிய ரெண்டு வருஷம் கட்டிக்கிட்டு எனக்கு ஃபீஸ் கட்டினீங்க. அது எனக்கு ஆயுசுக்கும் போதும். மீதிய ஆஸ்பத்திரிக்காரன் கட்டட்டும். எனக்கு நோயாளிகூட இருக்கணும்ப்பா. வந்து நாக்க நீட்டச் சொல்லிட்டுப் போற ஆளா இருக்கப் பிடிக்கல."

பக்கிரிசாமி மூக்கைச் சிந்திவிட்டு, நர்ஸ் தொழிலின் பெருமையை இந்த நாடு இன்னும் உணரவில்லை என்று குற்றம் சாட்டினார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் போயிற்று.

ஆனால் மொய்? டாக்டர் என்று சொல்லி வாங்கிய பணத்தை நர்ஸுக்காக வைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. கிடா தின்றது போக மீதிதான் கையில் இருந்தது. திருப்பிக் கொடுப்பதென்றால் முழுசாகக் கொடுக்க வேண்டும். பவுனம்மாள் அன்று பாத்திரத்தைப் பலமாக வைக்கவில்லை. தன் கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அவ நர்ஸாகி மீட்டுக் குடுப்பா. போயிட்டு வாங்க," என்றாள்.

வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை காலை, பணப்பையை மார்போடு அணைத்தபடி பக்கிரிசாமி முதலில் நாகையா வீட்டுப் படியேறினார். எந்த முகத்தோடு பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒரு முகமும் கிடைக்கவில்லை.

"நாகையா, என்னை மன்னிச்சிடு. மக டாக்டருக்குப் போகல, நர்ஸுக்குப் போறா. சொன்ன சொல்லக் காப்பாத்த முடியல. உன் பணம் இந்தா."

நாகையா பதறிப்போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னங்க கிராணியாரே இது. நர்ஸுன்னா நர்ஸு. புள்ள நல்லா இருக்கட்டும். வெச்ச மொய்ய யாராவது திருப்பி வாங்குவாங்களா? நீங்க மனு எழுதலைன்னா நாங்க எல்லாரும் இன்னிக்கு நாகப்பட்டணத்துல நிப்போம்."

இந்த நன்றியைப் பக்கிரிசாமியால் தாங்க முடியவில்லை. இலவச வைத்தியம் போயிற்று என்று தெரிந்தும் பணத்தை வாங்க மறுக்கிறார்களே என்று கண் கலங்கினார். பதிலுக்குத் தன்னால் முடிந்த ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"நீ ஒண்ணும் கவலைப்படாத. டாக்டர்தான் வரலையே. நான் நாளையிலேர்ந்து பழையபடி மிக்ஸ்சர் காய்ச்சிடறேன்."

நாகையாவின் முகம் வெளுத்தது. அவர் மடியைத் தடவி, மேலும் இரண்டு வெள்ளியை எடுத்துப் பக்கிரிசாமியின் கையில் திணித்தார். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. அங்கிருந்தும் ஒரு கை ஒரு வெள்ளியோடு நீண்டது.

"எதுக்குப்பா இதெல்லாம்," என்றார் பக்கிரிசாமி, உண்மையிலேயே புரியாமல்.

உள்ளேயிருந்து புஷ்பவல்லி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எங்களக் காப்பாத்துன நன்றிக்குத்தாங்க கிராணியாரே இத்தன வருஷமா அந்த மிக்ஸ்சரக் குடிச்சோம். மொய் வெச்சது, அத நிறுத்தறேன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு."