திருச்சுழிச் சீமையில் பனி பெய்த வரலாறு

மனிதக் கண்ணை நம்பி இனி எந்த நாடும் முன்னேற முடியாது. இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவித்த பெருமை 'அருப்புக்கோட்டை அகச்சிவப்பு ஒளிப்படக் கழக'த்தையே சேரும். கழகத்தில் மொத்தம் இரண்டு உறுப்பினர்கள். தலைவர் சௌந்தர் அண்ணன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருப்பவர். செயலாளர், பொருளாளர், டிரைபாடு தூக்குபவர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் நான் வகிக்கிறேன். இருவரில் ஒருவர் டீ வாங்கப் போகாமல் இருந்தால் பொதுக்குழு கூடிவிட்டது என்று பொருள்.

கழகத்தின் ஒரே சொத்து ஒரு ஃபில்டர். லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் வட்டக் கண்ணாடி. நாம் காணும் வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மட்டும் உள்ளே விடும். அதன் வழியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்சல் பிரித்த அன்று அண்ணனின் மனைவி வேணி அக்கா அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். முதலில் வீட்டு மொழியான கன்னடத்தில் திட்டினார். வெளியாள் நான் இருந்ததால் மரியாதை கருதித் தமிழிலும் திட்டினார்.

"கருப்புக் கண்ணாடி வெல்டிங் பட்டறையில கேட்டா சும்மாவே குடுப்பாகளே! இதுக்கா கூரியரு?"

"வேணி, இதுல ஒண்ணும் தெரியாது. அதான் விசேஷம்" என்றார் அண்ணன்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீகளே!"

மேதைகளின் வீடுகளில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. திருச்சுழிக்குப் போகும் வழியில் உள்ள ஆவரம்பொட்டலில் பால்பாண்டி அண்ணாச்சி விதைத்த கொத்தமல்லி ஒரு சாண் வளர்ந்து, யோசித்து, கருகிவிட்டது. பயிர்ச்சேதம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனில் படம் எடுத்துக் கொண்டுபோனார். வறட்சிப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் பெயர் மாரிச்சாமி. வறட்சியைக் கவனிக்க மாரியையே அமர்த்தியது நிர்வாகத்தின் தொலைநோக்கு. அவர் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "தெளிவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி எடுத்துப் போனார். மறுபடியும் "தெளிவில்லை".

"நல்ல கேமராவுல எடுத்துட்டு வாங்க. பயிரும் ஆளும் ஒரே படத்துல இருக்கணும். கடைசி நாளு வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். மகள் சுகந்தியின் நர்சிங் படிப்பு அந்த மல்லியைத்தான் நம்பியிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தம்பி, செடி கருகுனது தெளிவாத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

"அண்ணாச்சி, செடியோட உள்மனசே தெரியும், வாங்க" என்றார் அண்ணன்.

ஆவரம்பொட்டலில் இறங்கியதும் அண்ணனின் கண் சீமைக்கருவேலங்காட்டின் மேல் விழுந்தது. மழையில்லாமலும் பச்சையாக நிற்கும் ஒரே தாவரம் அதுதான். "கலைக்கு ஒரு படம், ஆபீசுக்கு ஒரு படம்" என்று சொல்லி, ஃபில்டரைத் திருகி மாட்டிக் கலைக்கான படத்தை எடுத்தார். பிறகு ஃபில்டரைக் கழற்றப் பார்த்தார். வெயிலில் அது இறுகிப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் கேமராவைத் திருகினார். நான் ஃபில்டரைத் திருகினேன். இருவரும் ஒரே பக்கம் திருகியதால் நாங்கள்தான் சுற்றினோம். பக்கத்துக் காட்டுக்காரர் ராக்கம்மாள் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். அண்ணாச்சி துண்டைச் சுற்றிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு கேமரா காரியாபட்டியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது.

"சரி, இதோடயே எடுப்போம். எல்லாரும் மல்லிக் காட்டுக்குள்ள நில்லுங்க" என்றார் அண்ணன். "இந்தக் கண்ணாடிக்குள்ள வெளிச்சம் மெதுவாத்தான் போகும். நான் சொல்றவரைக்கும் அசையக் கூடாது. மூச்சுகூட அளவா விடுங்க."

வறட்சியில் சேதப்பட்ட அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ஊரே நின்றது. அண்ணன் பொத்தானை அமுக்கினார்.

அமுக்கியதும் ஒரு ஈ வந்தது. ஊர் முழுக்கக் கையை வீசியது. "ஆடு வேலிக்குள்ள போகுது!" என்று ராக்கம்மாள் ஓடினார். பால்பாண்டி அண்ணாச்சி, கருகினது தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று, குனிந்து ஒரு செடியைப் பிடுங்கிக் கேமராவுக்குக் காட்டினார். அது சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னொன்றைப் பிடுங்கினார். பிறகு அந்தப் பக்கம் போய் இன்னொன்று.

"அசையாதீகன்னு சொன்னேன்ல!"

"அசையல தம்பி, காட்டுறேன்!"

அண்ணாச்சியோடு ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இந்த வகைப் படத்தில் சிவப்பை நீலம் இருந்த இடத்துக்கும் நீலத்தைச் சிவப்பு இருந்த இடத்துக்கும் மாற்ற வேண்டும். ஒரு வகையான பணியிட மாறுதல் உத்தரவு. மாற்றியதும் படம் எழுந்தது. ஆகா! கரும் நீல வானம். மல்லிக்குப் பின்னால் கருவேலங்காடு முழுக்கப் பனி மூடியதுபோல் தூய வெள்ளை; அகச்சிவப்பில் பச்சை இலை அப்படித்தான் விழும். லென்ஸின் கோளாறால் நடுவில் வட்டமாக ஒரு பளபளப்பு. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பால்பாண்டி அண்ணாச்சி திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துத் தேடினார். "தம்பி, நான் எங்க?"

தேடினோம். ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. நிழல்கூட இல்லை. மெதுவாகப் பதிகிற படத்தில் அசைகிறவர்கள் கரைந்துபோவார்கள் என்று அண்ணன் விஞ்ஞான முறையில் விளக்கினார். அசையாமல் நின்று படத்தில் விழுந்த ஒரே ஜீவன், வேலிக்குள் புகுந்து நின்றுவிட்ட ராக்கம்மாளின் கிடா. கம்பீரமாக, ஒரு ஜமீன்தாரைப் போல நின்றது.

"ஆடு விழுந்துருச்சு, நான் விழலையா?" என்று கேட்டார் அண்ணாச்சி. சிரிக்கத்தான் கேட்டார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை. பிரிண்டையும், பழக்கத்தில் டிரைபாடையும் எடுத்துக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம்.

அலுவலகத்தில் படம் பெரும் எழுச்சியை உண்டாக்கியது. மாரிச்சாமி சார் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். மேலதிகாரி யுவராணி மேடம் தலைமை தாங்கினார். நாங்கள் வாசல் பக்கம் நின்றோம்.

"இது பனியில்ல?" என்றார் மேடம்.

"பனிதான் மேடம். ஆனா பனிச்சேதத்துக்கு நம்ம மாவட்டத்துல நிவாரணத் தலைப்பு இல்ல."

"நடுவுல வட்டமா மின்னுறது?"

"நெறஞ்ச கம்மா மேடம், தண்ணி மின்னுது."

"கம்மா நெறஞ்சிருக்கு, மரமெல்லாம் செழிப்பா இருக்கு. கால்நடை?"

"ஒண்ணு மேடம். நல்ல ஊட்டமா இருக்கு."

"குடியிருப்போர்?"

மாரிச்சாமி சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "யாரும் இல்ல மேடம்."

அண்ணாச்சி பொறுக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். "நான் இருக்கேன் சார்! எங்காடு சார் அது!"

"நீங்க யாரு?"

"பால்பாண்டி சார். போன வாரம் ரெண்டு தடவ வந்தேன்ல."

"படத்துல இல்லையே?"

"செடி கருகினதக் குனிஞ்சு புடுங்கிக் காட்டுனேன் சார். அதுல மறைஞ்சுட்டேனாம். சும்மா நின்னுருந்தா தெரிஞ்சிருப்பேனாம்." அவர் மடியிலிருந்து கருகிய செடிகளை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தா, கண்ணாலயே பாருங்க சார்."

கூட்டம் சங்கடத்துடன் செடிகளைப் பார்த்தது. மேடம் ஃபேனை நிறுத்தச் சொன்னார், குப்பை பறக்கிறதென்று. பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ஆவரம்பொட்டல், ஆளில்லாத செழிப்பான பகுதி. வறட்சி இல்லை. கிடாவுக்கு மட்டும் கருணை அடிப்படையில் ஒரு கட்டுத் தீவனம்.

அண்ணாச்சி செடிகளைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் எங்களை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். ஆனால் நாங்கள் இறங்கும்போது, "டிரைபாட மறந்துராதீக தம்பி" என்று எடுத்துக் கொடுத்தார்.

அன்று சௌந்தர் அண்ணன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வேணி அக்கா ஒன்றும் திட்டவில்லை, இரண்டு மொழியிலும். கேமராவை எடுத்து அரிவாள்மனையால் ஒரு நெம்பு நெம்பினார். ஃபில்டர் கழன்று வந்தது. மறுநாள் நாங்கள் ஆவரம்பொட்டலுக்குப் போய் அண்ணாச்சியையும் அவர் செடியையும் சாதாரண வெளிச்சத்தில் எடுத்தோம். செடியின் ஒவ்வொரு கருகலும் தெரிந்தது. அவர் முகமும் தெரிந்தது. அண்ணன் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான்.

திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் மாரிச்சாமி சாரிடம் கொடுத்தோம். அவர் அதைத் தொடவே இல்லை.

"இது வேணாம் தம்பி. இதுல ஆளு இருக்கு. ஆளு இருந்தா மனு இருக்கும், மனு இருந்தா பதில் எழுதணும். நீங்க முந்தி எடுத்தீகளே, அந்தப் படம் மேல வரைக்கும் போயிருச்சு. அதைப் பாத்துட்டு அம்புட்டுப் பேருக்கும் சந்தோசம். தாலுகா பூராவும் அதே மாதிரி எடுத்துத் தரணும். ஆர்டர் உங்களுக்குத்தான்."

சௌந்தர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "சார், அந்தப் படத்துல ஒரு சிக்கல் இருக்கு. ஜனங்க ஒரு எடத்துல அசையாம நின்னுட்டாகன்னா படத்துல விழுந்துருவாக."

மாரிச்சாமி சார் முதல் தடவையாகச் சிரித்தார்.

"நிக்க விட்டாத்தானே தம்பி? இன்னிக்குப் போயி நாளைக்கு வான்னு அலையவிடுறது எங்க பொறுப்பு. நீங்க படத்த மட்டும் எடுங்க."