நாலு டிகிரி

"தொண்ணூத்து நாலு! தொண்ணூத்து நாலு காட்டுதுடி! வந்து பாரு!"

பாய்லர் என்று பேர் வாங்கிய மனிதர் போட்ட சத்தத்தில் அவர் மனைவியின் கையிலிருந்த கரண்டி சமையலறையில் விழுந்து உருண்டது. அவள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கணவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, திரையின் வலது மூலையைச் சுட்டுவிரலால் குத்திக்கொண்டிருந்தார். அங்கே பச்சை நிறத்தில் சின்னதாக ஒரு எண் தெரிந்தது.

"இதுக்கா இந்தக் கத்து கத்துனீங்க?"

"இதுக்கான்னு கேக்குறியா? இந்தச் சூட்டுல சோறே வெந்துடும். நாலு மணிக்குப் பந்தயம். பாதியில நின்னுபோச்சுன்னா யாரு பதில் சொல்றது? உன் தம்பியா?"

பாய்லர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. மனிதர் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். கிடங்குக் கதவின் மூலையில் பச்சை எழுத்தில் ஓர் எண் எரியும். அது நாலு டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் பதினெட்டு வருஷமாக அவருக்கு உத்தியோகம். ஐந்து காட்டினால் கத்துவார். ஆறு காட்டினால் யாரும் பக்கத்தில் போகமாட்டார்கள். அவ்வளவு குளிரில் நின்றுகொண்டு ஒரு மனிதரால் எப்படி இவ்வளவு கொதிக்க முடிகிறது என்று அங்கே எல்லோருக்கும் ஆச்சரியம்.

பந்தயத்துக்குக் காரணம் லீவு. பள்ளிக்கூட விடுமுறையில் கிடங்கு ஆட்களும், சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் ஆட்களும் ஒரே சமயத்தில் லீவு எடுக்க முடியாது. மூன்று வருஷமாக டெஸ்பாட்ச் பிரிவின் தலைவர் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பட்டப்பெயர் சிரிச்சமூஞ்சி. அடுத்தவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும்போதும் சிரிப்பார். இந்த வருஷம் சண்டை முற்றிப்போய், மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சாப்பாட்டு நேரம் பூரா போன்ல அந்தக் கார் கேம்தானே ஆடுறீங்க? ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்தே அதுல ஓட்டுங்க. ஜெயிக்கிற பிரிவுக்கு முதல் லீவு. ஆள விடுங்கப்பா!"

ஜெயித்தால் முதல் இரண்டு வாரம், குடும்பத்தோடு கடலுக்குப் போகலாம். தோற்றால் பள்ளி திறந்த பிறகுதான் லீவு. பாப்பாவுக்கு ஏழு வயது. மூன்று வருஷமாக ஏமாந்தவள். இந்தத் தடவை அப்பா ஜெயித்துவிடுவார் என்று நம்பி, ரப்பர் வளையத்தைக் காற்றடித்து இடுப்பில் மாட்டிக்கொண்டே நாலு நாளாக வீட்டைச் சுற்றி வருகிறாள். சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை.

பெரிய திரையில் ஓட்டினால்தான் ஜெயிக்கலாம் என்று மச்சான் நேற்று தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாவற்றையும் சரிபண்ணி வைத்துவிட்டு, "மூலையில ஒரு நம்பர் வச்சிருக்கேன் மாமா, அதுமேல ஒரு கண்ணு இருக்கட்டும். அப்புறம், கேம் ஆடும்போது லேப்டாப் சூடாகும், பாத்துக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். இரண்டு நாள் பயணம், ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிப்போனான்.

காலையிலிருந்து பயிற்சி. கார் அப்படியே பறந்தது. ஆனால் மனிதருக்கு அது எங்கே கண்ணில் பட்டது? கண்ணெல்லாம் பச்சை எண்ணின் மேல்தான்.

முதலில் சமையலறை மேஜை விசிறியைப் பிடுங்கிக்கொண்டு வந்து லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தார். மனைவி வேர்த்துக் கொட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அடுப்புல நிக்குறவ நானு. விசிறி உங்க பொட்டிக்கா?"

"கொஞ்ச நேரம் வாய மூடுறியா?"

விசிறி சுற்றியது. எண் தொண்ணூற்றாறுக்குப் போனது.

"பாத்தியா! வெளியில இருக்குற அனலையெல்லாம் வாரி உள்ள அடிக்குது சனியன்!" என்று விசிறியை ஓர் உதை விட்டார். விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரல்தான் வீங்கியது. நொண்டிக்கொண்டே போய் ஜன்னல்களையெல்லாம் அடைத்தார். அறை புழுங்கியது, எண் தொண்ணூறுக்கு இறங்கியது. பாய்லர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

"இப்பத்தான் வழிக்கு வருது. நம்ம வேலைய நம்மகிட்டயே காட்டுதா?"

லேப்டாப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. கிடங்கில் கதவு ஒரு விரல் அகலம் இடுக்கு விட்டாலே அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர். இங்கே இருபது முப்பது ஓட்டை!

"இவ்வளவு சந்து விட்டிருக்கானுங்க, குளிர் எப்படிடி உள்ள நிக்கும்? அறிவிருக்கா இதச் செஞ்சவனுக்கு?"

"அது காத்து போறதுக்குன்னு விட்டதுங்க. இல்லாம எதுக்கு விடப்போறான்?"

"பதினெட்டு வருஷம் குளிர்ல நின்னவன் நானு. எனக்கு நீ சொல்லித்தர்றியா?"

பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்பை எடுத்து ஓர் ஓட்டை விடாமல் ஒட்டினார். அது போதாதென்று, டிவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து தெர்மகோலை உடைத்து மூன்று பக்கமும் சுவர் கட்டினார். எண் மளமளவென்று இறங்கியது. எழுபது. ஐம்பத்தெட்டு. பாய்லர் தொடையைத் தட்டினார்.

மூன்றரைக்கு எண் ஐம்பதில் நின்று அடம்பிடித்தது. பாய்லர் ஃப்ரீசரைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் எடுத்துப்போட்டு, ஐஸ்கட்டிகளைப் பையில் அள்ளினார். பையைத் துண்டில் சுருட்டி லேப்டாப்பின் வயிற்றுக்கு அடியில் மெத்தை மாதிரி செருகினார்.

"ஒரு வாரத்துக்கு வாங்கி வச்சது எல்லாம் தரையில கிடக்கு!" மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "லீவு மட்டும் கிடைக்காம போகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

"கிடைக்கும்டி. எண்ணு முப்பத்தொண்ணு. இனிமே எவன் வந்தாலும் பாத்துக்கறேன்."

"கீபோர்டத் தொட்டா கை சுடுதேங்க?"

"ஃப்ரிட்ஜுக்கு முதுகு சுடல? உள்ள குளிரக் குளிர வெளிய சுடத்தான் செய்யும். போய் வேலையப் பாரு!"

அவள் பேச்சை விட்டுவிட்டாள். கிடங்கில் அவரிடம் மாட்டிக்கொண்டவர்களும் அந்தப் பதிலைக் கேட்டால் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

நாலு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. மொத்தம் பத்து சுற்று. பாய்லரின் உதவியாளர், கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், தன் வீட்டிலிருந்து பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே போனில் நிலவரம் சொன்னார்.

"சார், உங்க வண்டி ஏன் சார் நின்னு நின்னு போகுது?"

"நெட்டு சரியில்ல!" என்று போனில் உறுமிவிட்டு பாய்லர் உள்பக்கம் திரும்பினார். "டிவிய நிறுத்து! உன் போனையும் நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்துங்க!"

எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். கார் இன்னும் மோசமாகப் போனது. வளைவுக்கு முன்னால் ஒரு முறை தெரிந்தது, அடுத்து தெரிந்தபோது பள்ளத்தில் கிடந்தது. ஆனால் எண் இருபத்திரண்டு. பாய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு விசைகளைக் குத்தினார்.

"சார், சிரிச்சமூஞ்சி நம்மள ஒரு சுற்று தாண்டிட்டார் சார்!"

"சூடு ஏறி அவனுது வெடிக்கும்யா! பாத்துக்கிட்டே இரு! என்னுது பன்னெண்டு!"

"எது சார் பன்னெண்டு?"

"நீ வண்டியப் பாருய்யா!"

அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலிருந்து ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. பாப்பா வளையத்தோடு வந்து நாற்காலியை ஒட்டி நின்றாள். "அப்பா, நம்ம கார் ஏம்ப்பா போட்டோ மாதிரி நிக்குது?" என்றாள். பாய்லர் காதில் விழவில்லை. எண் ஒன்பது. ஏழு. ஐந்து.

"நாலு!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினார். "நாலு டிகிரி! கிடங்கு கணக்கு! அப்படியே நிக்கு—"

திரை இருண்டது. உள்ளே எதுவோ டப்பென்றது. டேப்பின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பி, தெர்மகோல் சுவரைத் தாண்டி மேலே போனது.

இரண்டு நிமிஷம் கழித்து சிரிச்சமூஞ்சியிடமிருந்து அழைப்பு வந்தது. "முதல் ரெண்டு வாரம் நாங்க எடுத்துக்கறோம் சார். நீங்க பொறுமையா மழைக்காலத்துல போங்களேன், கூட்டமே இருக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பாப்பா அழவில்லை. வளையத்தின் மூடியைத் திறந்துவிட்டாள். காற்று புஸ்ஸென்று வெளியேறி, வளையம் தொங்கி, இடுப்பிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அதை மடித்து அலமாரியில் வைக்கப் போனாள். பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை.

பாய்லருக்குக் கோபத்தை யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும். போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். மனைவி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய்! குழந்தை வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டியேடா! இதுவா லேப்டாப்பு? ஒழுங்கா ஒரு பொட்டி குடுக்க வக்கில்ல உனக்கு! காலையில தொண்ணூத்து நாலு காட்டுச்சு. நான் உயிரக் குடுத்து, ஒட்டி, அடைச்சு, ஐஸ் வச்சு, நாலுக்குக் கொண்டுவந்தேன்டா! நாலு! அப்படியும் நின்னுபோச்சு! இதுக்கு என்னடா சொல்ற?"

அந்தப் பக்கம் ரயில் தடதடத்துக்கொண்டிருந்தது. மச்சான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"மாமா... அது சூட்டக் காட்டுற நம்பரே இல்ல மாமா, திரையில ஒரு செகண்டுக்கு எத்தன படம் மாறுதுன்னு காட்டுறது. பொட்டி சூட்டுல திணறினாத்தான் அது இறங்கும். தொண்ணூத்து நாலுலயே விட்டிருந்தா நீங்கதான் மாமா ஜெயிச்சிருப்பீங்க!"