முள்ளு சார் சிரிக்கும் படம்

அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். கேமரா அசையவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரும் அசையவில்லை.

“என்னங்க, இது எடுக்க மாட்டேங்குது.”

“பேட்டரி இருக்கா?”

“முழுசா இருக்கு. மூலையில ஒரு மஞ்சள் மூஞ்சி மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்கு.”

“அதுவாவது சிரிக்கட்டும்” என்றார் அவர். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இடம் மாறவில்லை.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் இன்ஸ்பெக்டர் அவர். கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தால் தராசு அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்பது வேலையில் சேர்ந்த நாளன்று எடுத்த முடிவு. மாலையில் வீடு திரும்பும்போது அந்த முடிவைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்க மறந்துவிட்டார். அலுவலகத்தில் அவருக்கு ‘முள்ளு சார்’ என்று பெயர். தராசு முள் மாதிரி நட்டநடுவில் நிற்பவர்.

இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். போன வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அவளை ஃபோனில் கூப்பிட்டிருந்தாள்.

“அம்மா, சாருக்குத் தெரிய வேண்டாம். வாசல்ல பெரிசா அவர் படம் வைக்கப் போறோம். சிரிச்ச மாதிரி ஒண்ணு இருந்தா குடுங்க. நாங்க யாரும் பாத்ததில்லை.”

“வீட்டுல நிறைய இருக்கே!” என்று அவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள். பிறகு ஆல்பங்களை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணப் படங்களில் அவர் சாட்சி சொல்ல வந்தவர் போல நின்றிருந்தார். மகளின் பிறந்தநாள் படங்களில் கேக்கைச் சோதனைக்கு வந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய படங்களே குறைவு. இருந்த சிலவற்றில் உதடுகளைப் பூட்டி வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு தெத்துப்பல். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்ததிலிருந்து, கேமராவைக் கண்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அது வேறு விஷயம். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆல்பங்களை மூடிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. என்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்தாரா என்ற கேள்வி தரையிலேயே அவளைப் பிடித்து உட்கார்த்தி வைத்தது. கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால், “சந்தோஷத்துக்கு என்ன அளவு?” என்பார்.

ரகசியம் அவளிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவர் உள்ளங்கையளவு கேமரா ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்தார்.

“ஸ்டுடியோவுல போய் நிக்க மாட்டேன். நீயே எடு.”

நாளைக் காலை அந்தப் பெண் வருகிறாள். இன்றைக்கு எடுத்தால்தான் உண்டு.

அவள் வெளியூரில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டாள்.

“அம்மா, அது ஸ்மைல் மோடு. அழுத்தினா காத்துக்கிட்டு இருக்கும். முன்னாடி இருக்கறவங்க சிரிச்சா அதுவே எடுத்துக்கும்.”

“உங்கப்பா சிரிச்சாவா?”

மகள் பேச்சை மாற்றினாள். “மேல ஒரு சக்கரம் இருக்கும் பாரு. அதைத் திருப்பி வேற மோடுக்குப் போயிடும்மா.”

சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள். முதலில் ஒரு பூ. பூவென்றால் மென்மையாக எடுக்கும் என்று நினைத்தாள். கிட்டே போய் எடுத்தாள். அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான், அதன் நான்கு துளைகள், துளைகளில் ஓடிய நூல் எல்லாம் அற்புதமாக விழுந்தன. முகம் மட்டும் பின்னால் எங்கோ பனிமூட்டத்தில் இருந்தது.

“பொத்தான் நல்லா வந்திருக்கு” என்றார் அவர் எட்டிப் பார்த்து. “இதையே குடு. ஆபீஸ்ல கண்டுபிடிச்சிடுவாங்க.”

அடுத்தது ஓடுகிற மனிதன். அவர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் விரல் பட்டுவிட, கேமரா தையல் மெஷின் போலக் கடகடவென்று அடித்துத் தள்ளியது. வரிசையாகப் பார்த்தபோது ஏதோ வழக்கில் மாட்டியவர் பின்வாசல் வழியாக நழுவுவது போலிருந்தது. நிலாப் படத்துக்குத் திருப்பினாள். பட்டப்பகலில் கண்ணைப் பறிக்கும் ஒளி. கண்களை மூடி, கழுத்தைச் சாய்த்து, சாந்தமாக விழுந்திருந்தார்.

“இதைக் குடுத்தா பூமாலை போட்டு வெச்சிடுவாங்க” என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மாலைக்கு ஆபீஸ்ல ஏற்பாடு இருக்கு. வீணாகாது” என்றார் அவர்.

பிறகு எழுந்து, தராசைச் சோதிக்கும் போது வரும் குரலில் சொன்னார்: “ஒரு கருவியை எதுக்குச் செஞ்சாங்களோ, அந்த வேலையை அதுக்குக் குடுத்துப் பாக்கணும். பழைய இடத்துக்கே திருப்பு.”

“அது நீங்க சிரிச்சாத்தான் எடுக்குமாம்.”

“எடுக்கட்டுமே. ஒரு நொடி வந்தாலும் தப்ப விடாது. உன் விரலைவிட வேகம்.”

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் போட்டார். காலையில் அந்தக் கண்ணாடிகளை அவரே பழைய செய்தித்தாளால் பளபளவென்று துடைத்திருந்தார். வீட்டில் எந்தக் கண்ணாடியையும் அவர் துடைத்து அவள் பார்த்ததில்லை. ஓய்வு பெறப்போகிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

“பின்னாடி வெள்ளைச் சுவர் இருந்தாதானே நல்லாருக்கும்?”

“புத்தகம் இருந்தா நாலு எழுத்து படிச்சவன் மாதிரி இருக்கும். நீ ஜன்னல்கிட்ட நில்லு. வெளிச்சம் உன் பக்கம் இருக்கணும். கேமராவை நெஞ்சுக்கு நேரா இறக்கிப் பிடி, கை ஆடாது.”

அவள் நின்றாள். “எங்க, ஈ சொல்லுங்க.”

“எதுக்கு?”

“பல்லு தெரியும்ல.”

“எப்படின்னு நீ சொல்லிக் காட்டு.”

“ஈ...”

டிக்.

அவள் துள்ளிப்போனாள். “வந்துடுச்சு! சிரிச்சிட்டீங்க!”

சின்னத் திரையில் பார்த்தாள். எடை குறைந்த படிக்கல்லைப் பார்க்கும் அதே முகம்.

“சிரிச்சீங்களா, இல்லையா?”

“எனக்கே தெரியாம சிரிச்சிருப்பேனோ என்னவோ.”

அவள் அந்த உதடுகளையே உற்றுப் பார்த்தாள். தன் கண்ணுக்குப் படாத ஒரு சிரிப்பு இந்த முகத்தில் எங்காவது இருக்கிறதோ? கேமராவுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் இத்தனை வருஷமாகத் தெரியவில்லையோ? ஓரத்தில், மூக்கின் அடியில், எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். விஷயத்தைக் கேட்டதும், “இவரையா? கொஞ்சம் இரு” என்று விரலைச் சொடுக்கினாள்.

“ஏங்க, உங்க பொண்ணு பிறந்தப்ப ஆஸ்பத்திரியில என்ன பண்ணீங்க? குழந்தையைத் தராசுல வெச்ச உடனே, இதுக்கு முத்திரை எங்கன்னு நர்ஸைக் கேட்டவராச்சே நீங்க!”

“முத்திரை இல்லைதான்” என்றார் அவர் நிதானமாக. “அந்த நர்ஸ் குழந்தையைத் தூக்கி என் கையில குடுத்துட்டு, நீங்களே எடை சொல்லுங்கன்னுட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“சரியா இருக்குன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? அது என் விரலைப் பிடிச்சுக்கிச்சு. அது ஒரு வகையில லஞ்சம்தான்.”

அவளால் தாங்க முடியவில்லை. ஜன்னல் கம்பியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டிக். டிக். டிக். டிக்.

பார்த்தால் எல்லாவற்றிலும் அதே முள்.

“கேமராவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு” என்றாள் அக்கா. “இங்க குடு. எங்க வீட்டுல இதெல்லாம் நான்தான் சரி பண்ணுவேன்.” அம்புக்குறிகளை மேலும் கீழும் அழுத்தினாள். திரையில் இருந்த எழுத்துகள் எல்லாம் திடீரென்று வேறாக மாறின. ஜன்னல் கம்பிகளை வளைத்து வைத்தது போல ஏதோ ஒரு பாஷை.

“என்னக்கா இது?”

“தெரியலையே. நல்ல பாஷையாத்தான் இருக்கும்.”

திரும்ப வர வழி தேடியதில், லேசான சிரிப்புக்கே எடுக்கும்படி ஏதோ ஆகிவிட்டது போலும். கேமரா கைக்குத் திரும்பி வந்த பிறகு அவள் வாய் திறந்து பேசினாலே டிக். அவர் ஏதாவது சொன்னால் டிக் டிக். அவரும் இன்றைக்கென்று நிறையத்தான் பேசினார். கடைசியில் சிவப்பாக ஒரு வரி மினுக்கியது.

“மெமரி நிறைஞ்சிருக்கும்” என்றாள் அக்கா. “இதோ குப்பைத்தொட்டிப் படம். எந்தப் பாஷையிலயும் குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டிதான். எல்லாத்தையும் அழிச்சிடு.”

அவள் விரல் பொத்தானுக்கு மேல் போன அந்தக் கணத்தில், எதற்கும் அவசரப்படாத அந்த மனிதர் நாற்காலியிலிருந்து பாய்ந்தார்.

“அழிக்காதே!”

இரண்டு பெண்களும் விக்கித்து நின்றார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“குறையுள்ள கருவின்னா சாட்சியைக் கலைக்கக் கூடாது. வாங்கின கடைக்கே எடுத்துட்டுப் போலாம்.”

“அடுப்புல பால் வெச்சிருந்தேன்” என்று அக்கா நழுவினாள்.

கடை வாசல் வரைக்கும் கூட வந்தார். பிறகு, “நீ போய்க் காட்டு. நான் பக்கத்துப் பழக்கடைத் தராசைப் பாத்துட்டு வரேன்” என்று ஒதுங்கிவிட்டார்.

கேமராக் கடையின் நடுவே ஒரு பெரிய தூண். நான்கு பக்கமும் கண்ணாடி ஒட்டியது. அதையொட்டிய மேசையில் ஒரு பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இந்தக் கேமரா பொய் சொல்லுதும்மா” என்று ஆரம்பித்தாள் இவள். “அவர் சிரிக்கவே இல்லை. சிரிச்சார் சிரிச்சார்னு அதுவே எடுத்துத் தள்ளுது.”

கடைப்பெண் பாஷையை இரண்டே தட்டில் சரிசெய்தாள். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, கடைசிப் படங்களைப் பெரிய திரையில் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று பார்த்தாள். பேனா மூடி வாயிலிருந்து விழுந்தது.

“அம்மா, சாரைப் பாக்காதீங்க. அவருக்குப் பின்னாடி பாருங்க.”

படம் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் தோள் விலகியது. அலமாரிக் கண்ணாடியில், புத்தக முதுகுகளுக்கு மேல், ஜன்னல் வெயில் முகத்தில் விழ ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யார் இது என்று கேட்க வாயெடுத்தவள், தெத்துப்பல்லைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். சட்டென்று கையால் வாயை மூடினாள். திரையில் இருந்தவள் மூடவில்லை.

அடுத்த படம். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அவள்தான். இவளை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. அசிங்கமாக இருக்கும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்த பல், அந்த முகத்திலேயே அதிகக் கொண்டாட்டத்தில் இருந்தது. வாயிலிருந்து கை மெதுவாக இறங்கியது.

“அப்ப இது என் சிரிப்பைப் பாத்துதான்...”

“ஆமாம்மா. சிரிச்ச முகம் எங்க தெரிஞ்சாலும் எடுத்துடும். கேமரா நல்லாத்தான் இருக்கு.”

“ஐயோ, போச்சு! நாளைக்குக் காலையில வந்து கேப்பாங்களே, அவர் சிரிச்ச படம்னு ஒண்ணுகூட இல்லையே!” அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “அவருக்கும் இது தெரியாது பாவம். தெரிஞ்சிருந்தா நாற்காலியை அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி போட்டிருப்பாரா?”

கடைப்பெண் வாசலைப் பார்த்தாள். வெளியே பழக்கடையில் ஒருவர் குனிந்து தராசு முள்ளைக் கூர்ந்து பார்ப்பது போல இருந்தார். கண் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“சாருக்காம்மா தெரியாது? கண்ணாடியில தெரியற முகம் சிரிச்சாலும் எடுக்குமான்னு கேட்டு, நான் சொன்னதை நம்பாம, இதோ இந்தத் தூண் முன்னாடி நின்னு தானே சிரிச்சுப் பாத்துச் சோதிச்சுட்டுத்தானே வாங்கிட்டுப் போனாரு – இதுல முதல் படமே அதுதான், பாருங்க!”