அருள் ஏணியில் ஏறிய பூனை

பாரன்கியா நகர மீன் சந்தையில் அந்த மாதம் மீன் விற்றதோ இல்லையோ, 'அருள் ஏணி' அமோகமாகப் போணியானது. பிரசங்கம் செய்யும் சகோதரர் எவாரிஸ்டோ வெளியிட்ட கைப்பேசிச் செயலி அது. தினமும் திரையைத் தொட்டால் மெழுகுவத்தி எரியும், மணி அடிக்கும், ஒரு படி ஏறலாம். நாற்பதாம் படியில் வீட்டு நோயெல்லாம் ஓடிவிடும்! ஒருநாள் மறந்தால் சுடர் அணைந்து முதல் படிக்கு விழ வேண்டும். விழாமலிருக்க ஐயாயிரம் பெசோ. பரலோகத்திலும் விலைவாசி ஏறிவிட்டது போலும்.

மீன் வறுத்து விற்கும் நூபியா, கணவன் உபால்டோவின் சர்க்கரை நோய்க்காகத்தான் ஏறத் தொடங்கினாள். பத்தாம் படியில் அவளுக்கு உபால்டோவே மறந்துபோனான். பக்கத்துக் கடை ஓல்காவை முந்துவதே நினைப்பு. மாத்திரைக் காசு சுடருக்குப் போயிற்று.

நாற்பதாம் நாள். கடைசிப் படி ஏறுவோரை வாழ்த்த எவாரிஸ்டோ சந்தைக்கே வந்துவிட்டார். கூட்டம் நெரிந்தது. அதற்குள் முண்டியடித்து வந்தாள் உபால்டோவின் தங்கை, நர்ஸ் மார்லேனி.

"அண்ணி, அண்ணன் கால் புண்ணைப் பாத்தீங்களா?"

"ஒரே ஒரு படிதான் பாக்கி. கொஞ்சம் இரு!"

மார்லேனி எவாரிஸ்டோ பக்கம் திரும்பினாள். "பிரதர், தொடுறவங்க மனசு இதுக்குத் தெரியுமா?"

"உள்ளத்தையே அளக்கும், தங்கச்சி! விசுவாசம் இல்லாம தொட்டா சுடரே எரியாது."

மார்லேனி நூபியாவின் கைப்பேசியைப் பிடுங்கி, திரையில் மீன் கொழுப்பைத் தடவி, கடைப் பூனையின் முன் வைத்தாள். பூனை நக்கியது. மணி அடித்தது. 'வாழ்த்துகள்! நாற்பதாம் படி! உங்கள் தூய இதயத்தை விண்ணகம் கண்டது!'

"அது... பூனைக்குள்ளயும் விசுவாசம் இருக்கலாம்..." என்றார் எவாரிஸ்டோ.

"அப்ப அந்த ஐயாயிரத்தை அதுகிட்டயே வாங்குய்யா!" என்றாள் ஓல்கா.

சந்தையே சிரித்தது. எவாரிஸ்டோ மோட்டார் சைக்கிள் ஒன்றில் தொற்றிக்கொண்டு பறந்தார்.

நூபியா சிரிக்கவில்லை. கணவனின் காலைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மார்லேனியோடு வீட்டுக்கு ஓடினாள்.

"இன்னிக்கு எத்தனாவது படி?" என்று கேட்டான் உபால்டோ.

"அது கெடக்கட்டும். காலக் காட்டுங்க."

புண் ஆழமாகியிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. காலாவது தப்பியது.

சந்தையில் சிலர் இன்னும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கைப்பேசி மணி அடித்தவுடன் உங்கள் விரல் ஓடுகிறதே, எதற்கு என்று ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். பூனைக்காவது மீன் ருசி என்றொரு காரணம் இருந்தது.