ஒரு ரூபாய்த் துளசி மாடம்

துளசி மாடத்தின் விலை ஒரு ரூபாய். அதை அனுப்பிவைக்கும் கட்டணம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

சுப்பிரமணி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். கம்ப்யூட்டர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

"ரெபேக்கா, இது ஏலமா, வழிப்பறியா?"

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் நடத்திய ரெபேக்காள் எட்டிப் பார்த்தாள். "ஷிப்பிங் சார் அது. ஏலத்துல நீங்கதான் ஜெயிச்சுகீறீங்க. வேற ஒருத்தர்கூட கேக்கல."

"எப்டி கேப்பான்? பாத்ததுமே ஓடியிருப்பான்."

ரெபேக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

சுப்பிரமணி கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஃபிட்டர். இரண்டு வருடமாக, அதாவது இரண்டாயிரத்து ஐந்திலிருந்து, இணைய ஏலத்தில் பொருள் வாங்குவது அவருக்குப் பழக்கம். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டார்ச் லைட் எடுத்தார்; அது பகலில் நன்றாக எரியும். முப்பது ரூபாய்க்கு ஒரு குடை எடுத்தார். அதை விரிக்க இரண்டு பேர் வேண்டும். அச்சரப்பாக்கத்தில் இருக்கும் தங்கை சுஜாதாவின் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் சீராக ஏலத்து மிக்ஸி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். அன்றிலிருந்து சுஜாதாவின் மாமியார் சம்பூர்ணம் அம்மாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த கையோடு அந்த மிக்ஸியையும் காட்டுவார்.

"எங்க மருமவளோட அண்ணன் கொண்டாந்தது. சத்தத்த மட்டும் நல்லா அரைக்கும்."

இப்போது அந்த வீட்டார் புது வீடு கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். சுஜாதா போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். முற்றத்தில் துளசி மாடத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அண்ணன் வீட்டுச் சீராகக் கருங்கல்லில் ஒன்று வர வேண்டும். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்தால்தான் கொத்தனார் பதிப்பார். வராவிட்டால் சம்பூர்ணம் அம்மாளே ஒன்று வாங்கிவைப்பார்.

"அப்பறம் நான் ஆயுசுக்கும் அந்த மாடத்த சுத்தி வரும்போதெல்லாம் பேச்சு கேக்கணும்ணா. இந்த ஒரு வாட்டி என்னைக் காப்பாத்து."

அந்தக் குரல் சுப்பிரமணியை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கடையில் விசாரித்தார், ஆறாயிரத்துக்குக் குறைந்து கல் மாடம் கிடையாது. ஏலத் தளத்தில் தேடினார். இருந்தது ஒன்றே ஒன்று. விற்பவர் மாமல்லபுரத்துக் கல்தச்சர் ராமதாஸ். ஆரம்ப விலை ஒரு ரூபாய்.

அன்றிரவு மனைவி சாரதாம்பாள், பேசாமல் அந்த இரண்டாயிரத்து நானூறைக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கச் சொன்னாள். கூட்டிப் பார்த்தாலும் கடை விலையில் பாதிகூட வராது என்பது அவள் வாதம். அது நியாயமான வாதமாக இருந்ததால் சுப்பிரமணிக்குக் கோபம் வந்தது.

"பொறந்த வூட்டு சீரு பார்சல்ல போவுமா? கூடப் பொறந்தவன் கையால போவணும்டி."

"மிக்ஸி போறப்ப இந்த மொற எங்க போச்சு?"

மறுநாள் ஸ்டாஃப் பஸ்ஸில் விஷயத்தை அவிழ்த்துவிட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பஸ் இரண்டாகப் பிளந்தது. கணக்குப் பிரிவு வாசுதேவன் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டீ ஒரு ரூபா, கிளாஸ் வாடகை அஞ்சு ரூபான்னு போர்டு வெச்சா, அது டீக்கடையா?"

எதிர்க்கட்சியினர், டீ ஆறு ரூபாய் என்று நினைத்துக் குடித்துவிட்டுப் போவதுதானே என்றார்கள். விலையில் காட்டாத லாபத்தை ஷிப்பிங்கில் ஒளித்துவைப்பது வாங்குகிறவனுக்குச் செய்யும் துரோகம் என்றார் வாசுதேவன். சுமக்கிறவன் முதுகு என்ன ஓசியா என்றது பின் சீட்டு. டவுன்ஷிப் கேட்டருகே வாக்கெடுப்பு நடந்தது. அநியாயம் என்று பத்தொன்பது பேர், நியாயம் என்று பதினேழு பேர். ஓட்டுநர் நடுநிலை வகித்தார்.

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தெம்படைந்த சுப்பிரமணி, ராமதாஸுக்குப் போன் போட்டு, ஷிப்பிங் வேண்டாம், தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"சார், அந்த ஷிப்பிங் விஷயமா நான் ஒண்ணு சொல்லணும்..."

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க. ஒரு ரூபா. கையில குடுப்பேன். கல்ல எடுத்துகினு போவேன்."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு மாமல்லபுரம் போய் இறங்கினார். மாடம் இடுப்புயரம் இருந்தது. நாலு பக்கமும் தாமரை இதழ், விளிம்பில் கொடி, அகல் வைக்க ஒரு சின்னப் புரை. தடவிப் பார்த்தால் கை வழுக்கியது. இதைப் பார்த்தபிறகு சம்பூர்ணம் அம்மாளால் வாயைத் திறக்க முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை ராமதாஸ் கையில் வைத்து ரசீது வாங்கினார். கிளம்பும் சீர் வெறுமையாக இருக்கக் கூடாது என்று மாடத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டார். பிறகு தூக்கிப் பார்த்தார்.

மாடத்துக்கு அது தெரியவே தெரியாது.

"நூத்தி அறுவது கிலோ சார்," என்றார் ராமதாஸ் வருத்தத்துடன். "நான் சொல்றத கொஞ்சம் கேட்டீங்கன்னா..."

சுப்பிரமணி கையை உயர்த்தித் தடுத்தார். ஷிப்பிங் ஆசை இவரை விடாது என்று தெரிந்தது. நாலு ஆட்களைப் பிடித்தார்; ஆளுக்கு நூற்றைம்பது. குட்டியானை வண்டி ஒன்றைப் பேசினார், தொள்ளாயிரம். கல் நகராமல் இருக்க வைக்கோலும் கயிறும் கேட்டார் வண்டிக்காரர், அது தனி. தங்கை வீட்டுக்காரன் ரஞ்சித்குமாருக்கு அச்சரப்பாக்கத்தில் இரண்டு லாரி ஓடுகிறது. ஆனால் சீர் கொண்டுபோக மாப்பிள்ளையிடமே வண்டி கேட்பதைவிட, தலையில் சுமந்து போவது மேல் என்பது சுப்பிரமணியின் கொள்கை.

பூஞ்சேரி கூட்டுரோட்டில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். வைக்கோலுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு என்று பாராட்டினார். ரசீது கேட்டார். சுப்பிரமணி பெருமையோடு நீட்டினார்.

போலீஸ்காரர் ரசீதைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ரூபாயா?"

"ஏலத்துல எடுத்தேன் சார்."

"எந்தக் கோயிலு?"

அரை மணி நேரம் விளக்கினார். இணையம், ஏலம், ஆரம்ப விலை, பஸ்ஸில் நடந்த வாக்கெடுப்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட போலீஸ்காரர், திருடனுங்க யாரும் இவ்வளவு நேரம் பேசினதில்லை என்று மட்டும் சொல்லி, ஒழுங்கான ரசீது கொண்டுவரச் சொன்னார். வண்டி திரும்பியது. ராமதாஸ் உள்ளே போய், கொஞ்சம் யோசித்து, எட்டாயிரம் ரூபாய்க்கு ரசீது எழுதிக் கொடுத்தார். சுப்பிரமணி பாக்கெட்டைத் தொட்டபோது, ராமதாஸ் தலையை ஆட்டிவிட்டார்.

"வாணாம் சார். நீங்க குடுக்க வேண்டிய ஒரு ரூபா வந்துடுச்சு. ஷிப்பிங் மட்டும்..."

"பாத்தியா," என்றார் சுப்பிரமணி வண்டிக்காரரிடம், பூஞ்சேரியை இரண்டாம் முறை கடக்கும்போது. "எட்டாயிரம் ரூபா கல்ல ஒரு ரூபாய்க்கு உட்டுட்டான். அப்ப ஷிப்பிங்ல எவ்ளோ அடிக்கிறான்னு பாத்துக்க."

வண்டிக்காரர் காத்திருந்ததற்கு இருநூறு சேர்த்துக்கொண்டார்.

திருக்கழுக்குன்றத்துக்குள் நுழைந்ததும் பின் டயர் உட்கார்ந்தது. கல்லோடு ஜாக்கி ஏறாது என்றார் வண்டிக்காரர். தெருவில் நாலு பேரைப் பிடித்து, கல்லை இறக்கி, ஓரமாக வைத்தார்கள். வைக்கோல் விலகியது. மஞ்சளும் குங்குமமுமாக, கிழக்கு பார்த்து, மாடம் நின்றது. அதைத் திட்டமிட்டு யாரும் கிழக்கு பார்த்து வைக்கவில்லை.

சுப்பிரமணி எதிர்க்கடையில் ஒரு டீ சாப்பிட்டுத் திரும்பியபோது மாடத்தின்மேல் ஒரு முழம் கதம்பம் இருந்தது. டயர்க்காரன் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வருவதற்குள் கற்பூரம் எரிந்தது. ஐந்தாறு பெண்கள் சுற்றிவந்தார்கள். பூக்காரி தன் கூடையை இருபதடி நகர்த்தி, மாடத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு தட்டு வந்தது; அதில் சில்லறை விழுந்தது. இத்தனை நாள் இது இங்கே இருந்ததே, நம் கண்ணில் படவில்லையே என்று ஒருவர் இன்னொருவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

டயர் மாட்டி முடித்து, கல்லை ஏற்றலாம் என்று போனபோது பூக்காரி குறுக்கே நின்றாள்.

"யோவ், சாமிய எங்க தூக்கினு போற?"

"அம்மா, இது என் தங்கச்சி வூட்டுக்குப் போற கல்லு. ஏலத்துல எடுத்தது."

"சாமிய ஏலத்துல எடுப்பியா நீ?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர் இருவருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொன்னார். எடுத்துப் போகலாம், ஆனால் கற்பூரம் ஏற்றிய இடத்திலிருந்து சும்மா எடுக்கக் கூடாது, பதினோரு தேங்காய் உடைத்து, உத்தரவு கேட்டு எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், நூற்றெட்டுச் சுற்று வேண்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் முடிக்க வேண்டும். சுப்பிரமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அறுபத்தோராவது சுற்றில் அந்த அம்மாளுக்குக் கணக்கு விட்டுப்போய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மூன்றரை மணிக்குத் தேங்காய்கள் உடைந்தன. இறக்கிவைத்த அதே நாலு பேர் இப்போது இரட்டிப்புக் கூலி கேட்டார்கள். சுப்பிரமணி காலையில் இறக்கிய கூலியைச் சுட்டிக்காட்டினார்.

"அது கல்லு தூக்கற கூலி, அண்ணாத்த. இது சாமி தூக்கற கூலி."

இதற்கு வாசுதேவன் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே கொடுத்தார். பூக்காரியின் தட்டில் பதினேழு ரூபாய் சேர்ந்திருந்தது. அதில் பங்கு கேட்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் தாண்டி, ஐந்தேமுக்காலுக்கு வண்டி அச்சரப்பாக்கத்தில் போய் நின்றது. கொத்தனார் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் அம்மாள் வாசலில் நின்று, இருட்டிவிட்டதே, யாருக்காகக் காத்திருப்பது, தானே பார்த்துவைத்திருக்கும் மாடத்தை எடுத்துவரச் சொல்லட்டுமா என்று நாலு பேர் காதில் விழும்படி மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சுஜாதா தூணோடு தூணாக நின்றிருந்தாள்.

வைக்கோலை விலக்கினார்கள். சம்பூர்ணம் அம்மாள் கிட்டே வந்து தாமரை இதழைத் தடவினார். கொடியைத் தடவினார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று புரைக்குள்கூட விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, கொத்தனாரை ஏன் நிற்கிறாய், சிமென்ட்டைக் கலக்கு என்று அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுஜாதா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுப்பிரமணி வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏலத்தில் எடுத்த பொருளால் ஒருவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வருவதைப் பார்த்தார்.

ரஞ்சித்குமார் மட்டும், வேறு ஏதோ வண்டியை எதிர்பார்த்திருந்தவன் போலத் தெருவை எட்டிப் பார்த்தான்.

"இதுலயா மச்சான் கொண்டாந்தீங்க? எவ்ளோ ஆச்சு?"

பாக்கெட்டில் இருந்து அன்று காலியானது மூவாயிரத்து அறுநூறு. சுப்பிரமணி நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு ரூபா, மாப்ள. ஷிப்பிங்னு ஒரு பைசா குடுக்கலயே நான்."

ரஞ்சித்குமார் ஏதோ சொல்ல வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட வரச் சொல்லிக் கூட்டிப்போனான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து நேராக ரெபேக்காளின் கடைக்குப் போனார். பொருள் வாங்கியவர் விற்றவரைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று அந்தத் தளத்தில் ஓர் இடம் உண்டு. நாடெங்கும் உள்ள வாங்குவோரை எச்சரிக்க வேண்டிய கடமை தன் தலையில் விழுந்திருப்பதாக அவர் நினைத்தார். ரெபேக்காளைத் தட்டச்சுச் செய்யச் சொல்லி, பின்னால் கை கட்டிக்கொண்டு, உலாவியபடி சொன்னார்: பொருள் முதல் தரம், விற்பவர் குணமும் பரவாயில்லை, ஆனால் அனுப்பும் கட்டணம் என்ற பெயரில் நடப்பது பகல் கொள்ளை, இப்படிப்பட்ட கட்டணத்தை மனசாட்சி உள்ள எவனும் போட மாட்டான், ஐந்தில் ஒரு நட்சத்திரம்.

தட்டச்சு ஓசை நின்றிருப்பதை அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். ரெபேக்காள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த மட்டும் என்னை அடிக்கச் சொல்லாதீங்க சார். எட்டாயிரம் குடுத்து அந்தக் கல்ல வாங்கி, நீங்க எடுக்கறாப்புல ராமதாஸ் பேர்ல என் கையால ஒரு ரூபாய்க்கு ஏலத்துல போட வெச்சதே ஒங்க மாப்ளதான். ஊடால வேற எவனும் பூந்து கேட்டுடக் கூடாதேன்னு பயந்துதான் அந்த ரெண்டாயிரத்து நானூற போடச் சொன்னாரு, மத்தபடி கொண்டாந்து எறக்கறதுக்கு அவரு லாரியே ரெண்டு நாளா மாமல்லபுரத்துல சும்மா நின்னுகினு இருந்துச்சு."