திண்டிவனத்துப் பாப்பா

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் மகள் யாழினி நான்காம் வகுப்பில் அடியெடுத்து வைத்த அன்று அந்த நம்பிக்கை போனது. கூடவே மானமும்.

கோடை விடுமுறையில் முப்பது நாளுக்கு நாட்குறிப்பு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். தினம் ஐந்து வரி. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் வரை அந்த நோட்டில் லேபிள்கூட ஒட்டவில்லை. என் மனைவி செல்வி சீருடைக்கு இஸ்திரி போட்டபடியே கைகழுவிவிட்டாள்.

"லீவுல புள்ளைய ஃப்ரீயா உடுன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்களே எழுத வையுங்க."

எழுத என்ன இருந்தது? விடுமுறை முழுக்க அவள் எங்கள் விழுப்புரம் வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்து செல்போன் பார்த்தாள். நான் அசரவில்லை. சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். அப்பா பெருமுக்கல் மலையில் மூச்சு வாங்காமல் ஏறினார். (வீட்டு மாடிப்படியிலேயே நடுவில் ஒருமுறை நிற்கிறவன் நான்.) திருவெண்ணெய்நல்லூர் ஆற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை நீந்திப் போய்க் காப்பாற்றினார். (மே மாதம் அந்த ஆற்றில் ஆடு முழுக வேண்டுமென்றால் லாரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.) அம்மாவுக்குக் கொடுக்க வேறு வேலை எதுவும் எனக்குத் தோன்றாததால், அவள் தினமும் வீட்டில் முறுக்கு சுட்டாள்.

இருபத்தாறாம் நாளில் என் சரக்கு தீர்ந்தது. கண் சொருகியது. "மிச்சத்த நீயே எதனா எழுதிடும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் நான் வேலைக்கு லீவு. சாயங்காலம் மகளை அழைத்துவர இருவருமாகப் போனோம். வகுப்பு வாசலில் டீச்சர் எங்கள் நோட்டோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இருபத்தேழாம் நாள பாதி வரைக்கும் கிளாஸ்ல சத்தமா படிச்சிட்டேன்மா. அப்புறம் நிறுத்திட்டேன்" என்று நோட்டை செல்வியிடம் கொடுத்தார்.

செல்வி வாய்விட்டுப் படித்தாள். "திண்டிவனத்தில் எங்கள் அப்பாவுக்குப் பாப்பா பிறந்தது. பாப்பா சிவப்பாக இருந்தது. அப்பா தினமும் வேலை முடிந்ததும் பாப்பாவைப் பார்த்துவிட்டு லேட்டாக வருவார். அம்மாவுக்குத் தெரியாது."

பிள்ளைகளை அழைக்க வந்திருந்த மற்ற பெற்றோர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அப்போது எனக்குத் திண்டிவனத்தில் ஓர் உரக்கடையில்தான் வேலை.

"யாழினி, இன்னா இது?" என்றேன்.

அவள் நிதானமாக விளக்கினாள். "தம்பி பாப்பா பொறந்துச்சுன்னு எழுதலாம்னு பாத்தேன். ஆனா அம்மா எல்லா நாளும் வீட்ல முறுக்கு சுட்டுக்கினு இருந்தாங்கன்னு நீதான எழுத சொன்ன. அப்புறம் எப்பிடி ஆஸ்பத்திரிக்குப் போவாங்க? அதான் பாப்பாவ திண்டிவனத்துல வச்சேன்."

டீச்சர் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. செல்வி சிரிக்கவில்லை.

"பாப்பா பொய். சரி. நீங்க மாசம் பூரா லேட்டா வந்தது பொய் இல்லியே."

"அது... லாரில லோடு எறங்கலன்னு சொன்னேனே."

"மே மாசத்துல எவங்க தினம் ஒரு லாரி உரம் வாங்கறான்?"

(கிளியனூர் விவசாயி மகளைக் கட்டினவன் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.)

பத்துப் பதினைந்து பெற்றோர்கள் முன்னிலையில் உண்மையைச் சொன்னேன். "கடைக்குப் பின்னால கேரம் ஆடிக்கினு இருந்தேன்."

"முப்பத்தெட்டு வயசுலயா?" என்று கேட்டது செல்வி இல்லை, டீச்சர்.

செல்வி நம்பவில்லை. அங்கேயே என் கடை நண்பனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "ஆமாங்க அண்ணி, கேரம்தான்" என்றான் அவன். நான் மூச்சு விட்டேன். அவன் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா அவருக்கு ஆட வராதுங்க. தினம் தோத்துட்டுதான் பஸ் ஏறுவாரு. பாக்கவே பாவமா இருக்கும்."

அப்படியாக என் குடும்பம் பிழைத்தது.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. கேரம் அன்றோடு நின்றது. திண்டிவனத்துப் பாப்பா மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தீபாவளிக்கு யாழினிக்குத் துணி எடுக்கும் என் மச்சான், கூடவே ஒரு குட்டிச் சட்டையும் எடுத்து என் மடியில் வைக்கிறான், வருடத்துக்கு ஒரு அளவு பெரிதாக.

போன வாரம் யாழினியின் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். செல்வி ஒரு விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாள்.

"ன்னாங்க, அதுக்கும் அஞ்சு வயசாயிடுச்சு. ஜல்தியா போய் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டு வந்துடுங்க. அப்புறம் சீட்டு கெடைக்காது."